குடியிருப்புச் சங்கங்களும் வாகன நிறுத்த விதிகளும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், குடியிருப்பின் உட்சாலைகளையும் பொதுவிடங்களையும் பராமரிக்கும் வீட்டு உரிமையாளர் சங்கம், வாகன நிறுத்த விதியை மீறிய உறுப்பினருக்கு நினைத்த மாத்திரத்தில் அபராதம் விதித்துவிட முடியாது; 1985-இல் இயற்றப்பட்ட டேவிஸ்-ஸ்டெர்லிங் சட்டத்தின்படி, விசாரணைக் கூட்டத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன்பே அறிவிப்பு அனுப்பி, அவர் தம் தரப்பை எடுத்துரைக்க வாய்ப்பளிக்க வேண்டும்.

வண்டியை இழுவை வாகனத்தால் அகற்றுவதற்கும் மாநில வாகனச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது: ஒவ்வொரு நுழைவாயிலிலும் 17-க்கு 22 அங்குலத்துக்குக் குறையாத பலகையில், ஓர் அங்குலத்துக்குக் குறையாத எழுத்துகளில் எச்சரிக்கை இருந்தாக வேண்டும், அல்லது விதிமீறல் சீட்டு வழங்கி 96 மணி நேரம் கடந்திருக்க வேண்டும்.

தீயணைப்பு வண்டியின் வழியை மறிக்கும் ஒரு காரால் உயிரே போகலாம் என்பதால் கண்டிப்பு தேவையே; ஆயினும் நிர்வாகிக்கு ஒரு நீதி, வாடகைதாரருக்கு ஒரு நீதி என்றானால், அவ்விதியை எவரும் மதிக்கமாட்டார்கள்.