பசித்த மாடும் பெரணிச் செடியும்

நீலகிரியில் மாடு வளர்ப்பவர்கள் பயப்படும் நோய் ஒன்று உண்டு. பசுவின் மூத்திரம் சிவக்கும். காய்ச்சல் இருக்காது, தீனியும் எடுக்கும். சில நாளில் தெளிந்து, மறுபடி சிவக்கும். ரத்தம் போய்ப்போய் மாடு இளைக்கும், பால் வற்றும். சிறுநீர்ப்பைக்குள் கட்டி, பல நேரம் புற்றுநோய்.

வருடக்கணக்காகத் தின்ற பெரணிதான் முக்கியக் காரணம். தேயிலைத் தோட்டத்து ஓரம், வெட்டிவிட்ட சரிவு என அமில மண் உள்ள இடமெல்லாம் மண்டும் செடி. சுருண்டு நிமிரும் இளந்தளிரில் நஞ்சு அதிகம். டாக்விலோசைடு என்ற அந்த நஞ்சை ஜப்பானிலும் நெதர்லாந்திலும் 1983இல் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். காரத்தன்மை உள்ள இடத்தில்தான் அது மரபணுவைத் தாக்கும் பொருளாக மாறும். பசுவின் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. கட்டி சிறுநீர்ப்பையில் வருவது அதனால்தான். ஜப்பானியர்கள் பெரணித் தளிரைச் சாப்பிடுகிறார்களே என்றால், சாம்பல் கரைத்த, காரத்தன்மை உள்ள நீரில் ஊறவைத்த பிறகுதான் சமைப்பார்கள். நஞ்சின் பெரும்பகுதி பாத்திரத்திலேயே சிதைந்துவிடும்.

மாட்டுக்குப் பெரணி மேல் ஆசை ஒன்றும் கிடையாது. வேறு வழியில்லாமல் தின்கிறது. மேய்ச்சல் நிலத்தைச் சீகை மரமும் கற்பூர மரமும் தேயிலையும் எடுத்துக்கொண்டு வெகுகாலம் ஆகிறது. மிச்சமிருக்கும் கிக்குயு புல்லும் உறைபனி மாதங்களில் வெயில் ஏறியதும் கருகிப்போகும். வைக்கோல் சமவெளியிலிருந்து மலையேறி வர வேண்டும். ஆகவே கழித்துப்போட்ட கேரட், முட்டைக்கோஸ் இலை. 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு, தண்ணீர் நீக்கிக் கணக்கிட்டால் நாளுக்குச் சுமார் 12 கிலோ தீவனம் வேண்டும். கேரட்டில் 88 சதவீதம் தண்ணீர்; 20 கிலோ போட்டாலும் அந்தக் கணக்கில் இரண்டரை கிலோ தேறாது. வயிறு நிறைந்த மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

நல்ல இனப் பசு வாங்குவதைப் பற்றி நாம் பேசும் அளவுக்குத் தீவனத்தைப் பற்றிப் பேசுவதில்லை. 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்து, 100 கிலோ வைக்கோலில் சீராகத் தெளித்து, 21 நாள் காற்றுப் புகாமல் மூடி வைத்தால் வைக்கோலின் புரதச்சத்து ஏறத்தாழ இரண்டு மடங்காகும். கன்றுகளுக்கு இது வேண்டாம். யூரியாவை நேராகத் தீனியில் கலந்தால் மாடு செத்தே போகலாம். முதல் முறை கால்நடை மருத்துவர் துணையோடு செய்யுங்கள். படிமட்ட வயலின் ஓரத்தில் தீவன ஓட்ஸ் விதைக்கலாம், குளிர் தாங்கும்.

மூத்திரம் சிவந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உண்ணியால் வரும் காய்ச்சலிலும் அப்படிச் சிவக்கும். அதற்கு மருந்து உண்டு. பெரணியால் வந்த கட்டிக்கு இல்லை. உறைபனிக்கு முன்பே வைக்கோலை இறக்கி வைத்துவிடுங்கள்.