நீலச் சுடருக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

சமையல் கேஸ் என்றாலே நமக்குக் கசிவைப் பற்றிய பயம்தான். ரெகுலேட்டரை மூடினோமா, ட்யூப் வெடித்திருக்கிறதா, என்னவோ நாறுகிறதே என்று தூக்கத்திலிருந்து எழுந்துபோய்ப் பார்க்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நல்ல பயம்தான் அது. ஆனால் கசியாத கேஸும் உடம்புக்குக் கெடுதல் செய்யும். போதுமான காற்றில்லாமல் எரிந்தால் போதும். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். காற்றுக்கு யாரும் பில் போடுவதில்லை. அதனால் அது எங்கிருந்து வருகிறது, போதுமான அளவு வருகிறதா என்று நாம் கேட்டதே இல்லை.

நம் சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த கலவை. ஒரு பங்கு புரோப்பேன் முழுதாக எரிய ஏறக்குறைய 24 பங்கு காற்று வேண்டும். பியூட்டேனுக்கு 31 பங்கு. ஒரு கிலோ கேஸ் எரிய சுமார் 13 கனமீட்டர் காற்று செலவாகும் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் தீர்வதற்குள் 180 கனமீட்டருக்கு மேல் ஆகிவிடும். எட்டடிக்கு எட்டடி, பத்தடி உயரம் உள்ள சமையலறையில் அடங்கும் காற்றே சுமார் 18 கனமீட்டர்தான். ஒரு சிலிண்டர் பத்து சமையலறைக் காற்றைக் குடித்துவிட்டுத்தான் காலியாகிறது.

பர்னருக்கு அடியில்

கேஸும் காற்றும் சுடரில்தான் சந்திக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு முன்பே பாதிச் சந்திப்பு முடிந்துவிடுகிறது. குமிழைத் திருகியதும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான ஜெட் துளை வழியே கேஸ் வேகமாகப் பீறிடுகிறது. அந்த வேகமே பக்கத்துத் திறப்பு வழியாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு மிக்ஸிங் ட்யூபுக்குள் நுழைகிறது. இரண்டும் அங்கே கலந்து, பித்தளை பர்னரின் துளைகளில் வெளிவந்து எரிகின்றன. முழுதாக எரியத் தேவையான காற்றில் ஏறக்குறைய பாதி இப்படி முன்கூட்டியே சேர்கிறது. மீதியைச் சுடர் தன்னைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மோட்டார் கிடையாது, ஃபேன் கிடையாது. அதனால்தான் இது எளிதில் கெட்டும் போகிறது: வழியை ஏதாவது மறித்தால் தள்ளிவிட ஆள் இல்லை.

காற்றை முன்கூட்டியே கலக்கும் இந்த உத்தியைப் பள்ளி ஆய்வகத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 1855 வாக்கில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் புன்சன் கேட்ட பர்னரை, அங்கிருந்த கருவித் தொழிலர் பீட்டர் டெசாகா செய்து கொடுத்தார். புன்சனுக்கு வேண்டியிருந்தது கரி படியாத, தன் நிறத்தால் ஆய்வைக் கெடுக்காத சுடர். நம் வீட்டு அடுப்பு அதன் பேரப்பிள்ளை. காற்றுத் திறப்பை விரலால் மூடினால் புன்சன் பர்னரின் சுடர் மஞ்சளாகி ஆடத் தொடங்கும். அடுப்பிலும் அதேதான் நடக்கிறது. விரல் வைப்பது மட்டும் நாமில்லை. பொங்கி வழிந்த பாலும், தாளிப்பு எண்ணெயும், தூசும், கரப்பான் பூச்சியும்.

எல்லா மஞ்சளும் ஒன்றல்ல

காற்று போதாதபோது கேஸில் உள்ள கரி முழுதாக எரியாமல் நுண்துகளாக நின்று கனல்கிறது. அந்தக் கனல்தான் மஞ்சள் நிறம். அதே துகள்தான் பாத்திரத்தின் அடியில் கரியாக ஒட்டுகிறது. கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் கார்பன் மோனாக்சைடும் வருகிறது. பாத்திரம் தேய்ப்பவருக்குத்தான் இந்தச் சேதி முதலில் தெரியும். "இந்தக் குண்டான் மட்டும் ஏன்மா இப்படிக் கரி பிடிக்குது?" என்று அவர் கேட்டால் சோப்பை மாற்ற வேண்டாம், பர்னரைப் பாருங்கள்.

ஆனால் மஞ்சளைக் கண்டதும் பதறவும் வேண்டாம். உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழிந்தால், அந்த உப்பிலுள்ள சோடியம் சுடரில் ஆரஞ்சுப் பொறிகளாகத் தெறிக்கும். சற்று நேரத்தில் அடங்கிவிடும், பாத்திரத்தில் கரியும் படியாது. நாள்தோறும் விடாமல் மஞ்சளாக, சோம்பலாக, நுனி நீண்டு ஆடும் சுடர்தான் கவலைக்குரியது. இதற்கு நேர்மாறாக, காற்று மிஞ்சினால் சுடர் பர்னரை விட்டுத் தூக்கிக்கொண்டு 'உஸ்' என்று இரைந்து, சில நேரம் தானே அணைந்தும் போகும். அதுவும் சரியில்லை. எரியாத கேஸ் அறைக்குள் இறங்கும்.

குழாய் வழி இயற்கை எரிவாயு வந்த வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு காற்றே போதும். அதன் வெப்பமும் அதே அளவு எல்பிஜியை விடக் குறைவு. ஆகவே அதற்கான ஜெட்டின் துளை பெரியது. அந்த அடுப்பை அப்படியே கொண்டுபோய் சிலிண்டரில் மாட்டினால் தேவைக்கு மேல் கேஸ் பாயும், காற்று எட்டாது, சுவர் வரை கரி பறக்கும். வீடு மாறும்போது, அண்ணன் வீட்டு அடுப்பைத் தம்பி வீட்டுக்குக் கொடுக்கும்போது, ஜெட்டை மாற்றியாக வேண்டும். மெக்கானிக்கிடம் எந்த கேஸ் என்று சொல்லிவிடுங்கள்.

காற்றை நாமே மறிக்கும் விதங்கள்

கண்காட்சிகளில் 'கேஸ் மிச்சப்படுத்தும்' என்று விற்கும் வளையங்களையும் கம்பி வலைகளையும் எனக்குப் பிடிக்காது. சுடரைச் சுற்றி வேலி கட்டினால் வெப்பம் ஓரளவு உள்ளே நிற்கலாம், ஆனால் வெளிக்காற்று உள்ளே வரும் வழியும் அடைபடுகிறது. பர்னரைச் சுற்றி அலுமினியத் தாள் ஒட்டுவதும், கறை படாமலிருக்க அடுப்பின் அடியில் ஷீட்டை நெருக்கமாக விரிப்பதும் இதே ரகம். விசேஷ வீடுகளில் ஒரு பெரிய அண்டாவை வீட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, சுடர் வெளியே வழிய வழிய எரிப்பார்கள். குளிர்ந்த அடிப்பாகத்தில் சுடர் மோதும்போது எரிதல் பாதியில் அணைகிறது. அங்கேயும் மோனாக்சைடு கூடும்.

பர்னரைக் கழுவுவது பெரிய வித்தையில்லை. ரெகுலேட்டரை மூடி, சூடு ஆறியபின் எடுத்து, பித்தளை என்றால் புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, துளைகளில் அடைத்ததை ஊசியால் எடுத்து, ஈரம் முழுக்கக் காய்ந்தபின் சரியாக உட்கார வைக்க வேண்டும். ஜெட்டில் மட்டும் ஊசியோ கம்பியோ விடாதீர்கள். துளை இம்மியளவு பெரிதானாலும் கேஸ் கூடி, காற்றோடு உள்ள விகிதம் நிரந்தரமாகக் கெட்டுவிடும். அடைத்த ஜெட்டை மாற்றுவதுதான் வழி, விலையும் அதிகமில்லை.

சென்னை போன்ற ஊர்களின் அடுக்ககங்களில் இப்போது சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவர் இல்லை. கூடத்தில் ஏசி ஓடுகிறது, அதனால் ஜன்னல்கள் மூடியிருக்கின்றன, நடுவே குக்கர் விசில் அடிக்கிறது. ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதாகச் சிலர் நம்புகிறார்கள். வீட்டில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிரச் செய்கிறது. சமைக்கும் அரைமணி நேரமாவது ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்கட்டணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சிம்னி இருந்தாலும் இது பொருந்தும். அது வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் ஒரு வழி வேண்டும்.

குளியலறைக்குள் கீசர்

இதுவரை சொன்னதெல்லாம் சிறு தொல்லைகள். உயிரைக் குடிப்பது குளியலறையில் மாட்டிய கேஸ் கீசர். ஓசூர், ஊட்டி, பெங்களூரு போன்ற குளிரூர்களில் வசிப்பவர்களும், வடமாநிலங்களில் வேலைக்குப் போய் வாடகை அறையில் தங்கும் நம் பிள்ளைகளும் இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கீசர், வீட்டு அடுப்பின் ஐந்தாறு பர்னர்களைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம். மணிக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக கேஸ் பிடிக்கும். பத்து நிமிடக் குளியலுக்குத் தேவையான காற்று ஏறக்குறைய இரண்டு கனமீட்டர். நான்கடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் இருக்கும் மொத்தக் காற்றே ஐந்தரை கனமீட்டருக்குள்தான். கதவைச் சாத்தி, குளிருக்குப் பயந்து வென்டிலேட்டரையும் அடைத்துவிட்டால், குளித்து முடிப்பதற்குள் அறைக்காற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கீசரின் வாய்க்குள் போய்விடும்.

அதைவிட மோசம், பர்னர் எதை இழுக்கிறது என்பது. ஆக்சிஜன் எரிந்துபோய், கரியமில வாயுவும் நீராவியும் கலந்த கழிவுக் காற்றையே அது மறுபடியும் மறுபடியும் உள்ளே இழுக்கிறது. சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு. அது 18, 17 என்று இறங்க இறங்க எரிதல் கெட்டு, மோனாக்சைடு ஏறுகிறது. புத்தம்புது கீசரும் இப்படித்தான் நடந்துகொள்ளும். கருவியில் பழுதே வேண்டியதில்லை.

மோனாக்சைடுக்கு மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. கேஸ் கசிந்தால் நாறுவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது சுடரில் எரிந்து போய்விடும், ஆகவே நாம் நம்பியிருக்கும் மூக்கு இங்கே உதவாது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு இந்த வாயு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைகிறது. தலை கனக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். வெந்நீர்ச் சூடுதான் காரணம் என்று தோன்றும். 'ஏதோ சரியில்லை' என்று புரியும்போது கால்கள் துவண்டிருக்கும், தாழ்ப்பாள் எட்டாது.

குளியலறையில் மயங்கி விழுந்தவரை வலிப்பு என்றும் மாரடைப்பு என்றும் நினைத்துச் சிகிச்சை தொடங்குவதுண்டு. கேஸ் கீசரால் வந்த மயக்கமும் வலிப்பும் வலிப்பு நோயாகத் தவறாகக் கருதப்பட்டதை நம் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். வேறெங்கும் வராத வலிப்பு குளியலறையில் மட்டும் வருகிறது என்றால் முதலில் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கீசரும் சிலிண்டரும் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். குழாய் வழியே வெந்நீர் மட்டும் உள்ளே வரட்டும். இதில் சமரசம் செய்ய நான் தயாரில்லை. வாடகை வீட்டில் ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்று மாறவிட்டு, பிறகு குளிக்கலாம். கார்பன் மோனாக்சைடு அலாரம் இப்போது இணையக் கடைகளில் கிடைக்கிறது. கேஸ் கசிவு அலாரம் வேறு, இது வேறு. பெட்டியைப் படித்து வாங்குங்கள்.

நீலமாக எரிந்தாலும்

காற்றும் கேஸும் சரியாகக் கலந்து அழகான நீலச் சுடர் வந்துவிட்டால் எல்லாம் சுத்தமா? முழுக்க இல்லை. சுடரின் கடும் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. அவற்றுள் நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை உறுத்தக் கூடியது. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, கேஸில் சமைக்கும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு 42 விழுக்காடு அதிகம் என்று கண்டது. ஒப்பிட்டது கேஸ் இல்லாத வீடுகளோடு. விறகும் வரட்டியும் எரித்த அடுப்போடு ஒப்பிட்டால் கேஸ் அடுப்பு எவ்வளவோ மேல். இதைப் படித்துவிட்டு யாரும் விறகுக்குத் திரும்ப வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தை சமையல் மேடையருகே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால், இடத்தை மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாளிக்கும்போது மட்டும் போடாமல், பர்னர் பற்றியதும் போடுங்கள்.

மயங்கியவரைக் கண்டால்

கதவையும் ஜன்னலையும் திறந்து, முடிந்தால் கேஸை மூடி, ஆளை உடனே வெளிக்காற்றுக்கு இழுத்து வாருங்கள். உள்ளே போகிறவர் மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று போய் வர வேண்டும். காப்பாற்றப் போய் அங்கேயே விழுந்தவர்கள் உண்டு. 108ஐ அழைத்து, 'கேஸ் கீசர் எரிந்த அறை' என்று சொல்லுங்கள். அந்த ஒரு தகவல் மருத்துவருக்குப் பாதி நோயறிதல். கசிவு என்றால் 1906 என்ற அவசர எண் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் வாங்கி வைத்த பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்த்து, 98 காட்டுகிறது என்று நிம்மதியடையாதீர்கள். மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் அந்தக் கருவி ஆக்சிஜன் ஏறியதாகவே படித்துவிடும். ரத்தப் பரிசோதனை மட்டுமே உண்மையைச் சொல்லும். சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால், ரத்தத்தில் ஏறிய மோனாக்சைடு பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் முகமூடி வழியே தூய ஆக்சிஜன் கொடுத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் குறையும். வெளிக்காற்றில் எழுந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டாலும் மருத்துவமனைக்குப் போகச் சொல்வது இதனால்தான். கர்ப்பிணி என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தாய் தெளிந்த பிறகும் வயிற்றுக் குழந்தையின் ரத்தத்தில் அந்த வாயு நெடுநேரம் தங்கும்.

பிழைத்து வீடு திரும்பியவர்களில் சிலருக்கு, நன்றாக இருந்த சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ பிறகு மறதி, நடைத் தடுமாற்றம், காரணமில்லாத எரிச்சல், சுபாவமே மாறிப்போவது என்று தொடங்குவதுண்டு. வீட்டார் இதை அதிர்ச்சி என்றோ வேலைப்பளு என்றோ விட்டுவிடுகிறார்கள். ஒன்றரை மாதம் வரை கவனித்து, இப்படி ஏதாவது தெரிந்தால் முதல் சம்பவத்தின் மருத்துவச் சீட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.