நாலு பேர் என்ன சொல்வார்கள்?

உங்கள் வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? கொஞ்சம் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாடிப்படிக்குக் கீழே, பழைய பேப்பர்க் கட்டுக்கும் உடைந்த ஸ்டூலுக்கும் நடுவில் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும். ஹாண்டில்பாரில் வெங்காயப் பை தொங்கும். சீட்டின் மேல் கால்மிதி காயும். 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் 100 வீடுகளுக்குச் சுமார் 45 வீடுகளில் சைக்கிள் இருந்தது. வெங்காயப் பை மாட்டுவதற்காக யாரும் அதை வாங்கியிருக்கமாட்டார்கள், அல்லவா?

தமிழ்நாட்டில் அப்படித் தூங்கும் சைக்கிள்களில் பல, வீட்டுப் பெண்ணுக்காக வந்தவை. 2001-02-ம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு அரசாங்கம் இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் எல்லோருக்கும் என்று அந்தத் திட்டம் விரிந்தது. பிளஸ் ஒன் படிக்கும் பெண் புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். இரண்டு வருஷம் அதில் பறக்கிறாள். பரீட்சை முடிகிறது. அதோடு சைக்கிள் தம்பியிடம் போய்விடுகிறது; தம்பி இல்லாத வீட்டில் வெங்காயத்திடம் போய்விடுகிறது.

“அம்மா, கடைக்கு சைக்கிள்லே போயிட்டு வரட்டுமா?”

“வேண்டாம்டி! வளர்ந்த பொண்ணு தெருவிலே சைக்கிள் விட்டா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?”

பதினாறு வயதில் ஒன்றும் சொல்லாத அந்த நாலு பேர், பதினெட்டு வயதில் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? யார் அவர்கள்? எந்தத் தெருவில் குடியிருக்கிறார்கள்? இதுவரை ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் அவர்களை வாயடைக்கச் செய்யும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

சைக்கிள் பிறந்த பேட்டை

சென்னைக்கு மேற்கே பட்டாபிராமிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இருக்கும் சகோதரிகளுக்கு இதில் தனி உரிமையே உண்டு. காரணம், உங்களுக்குச் சில ஸ்டேஷன்கள் முன்னால் இருக்கும் அம்பத்தூர். அங்கேதான் 1949-ல் முருகப்பா குடும்பத்தார், இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியுடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘ஹெர்குலிஸ்’ என்ற பெயரைத் தாங்கிய சைக்கிள்கள் அங்கிருந்து புறப்பட்டன. பின்னால் பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. என்று தம்பிமார்களும் பிறந்தார்கள். அந்த ஆங்கிலக் கம்பெனியின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு. அவர் பெயரில் அம்பத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது.

ஆவடியில் டாங்கி செய்யும் தொழிற்சாலை, பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலை, அம்பத்தூரில் சைக்கிள் தொழிற்சாலை என்று இந்த மேற்குப் பக்கமே சக்கரங்களை நம்பி வளர்ந்தது. ஆனால் அந்த சைக்கிள்களில் ஏறி ஷிப்ட் வேலைக்குப் போனவர்கள் பெரும்பாலும் ஆண்கள். வீட்டுப் பெண்கள் பின்னால் கேரியரில் ஒருபக்கமாகக் கால்போட்டு உட்கார்ந்து, “மெதுவா போங்க, மெதுவா போங்க!” என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

சீமையிலும் இதே கதைதான்

‘நாலு பேர்’ நம் ஊரில் மட்டும் இருப்பதாக நினைக்காதீர்கள். 1885-ல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர், இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, பின்சக்கரத்தைச் செயின் இழுக்கும்படி ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தார். இன்றைய சைக்கிளின் தாத்தா அதுதான். 1888-ல் பெல்ஃபாஸ்டில் மாட்டு வைத்தியரான டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி தடதடவென்று ஆடுகிறதே என்று காற்று அடைத்த டயரைச் செய்து மாட்டினார். அதற்குப் பிறகு பிரயாணம் மெத்தென்று ஆயிற்று, பெண்களும் ஏறினார்கள். உடனே அங்கேயும் கூச்சல் கிளம்பியது: பாவாடை என்ன ஆவது, அடக்கம் என்ன ஆவது, அழகு என்ன ஆவது என்று! அமெரிக்காவில் பெண்களின் ஓட்டுரிமைக்குப் போராடிய சூசன் அந்தோணி அம்மையாரோ, பெண்களின் விடுதலைக்கு சைக்கிள் செய்த அளவு உதவியை உலகில் வேறெதுவும் செய்யவில்லை என்று 1896-ல் அபிப்பிராயம் சொன்னார். சொந்தக் காலால் மிதித்து, நினைத்த இடத்துக்கு நினைத்த நேரத்தில் போவது அவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது.

புதுக்கோட்டைப் பெண்கள் செய்த வேலை

சீமைக் கதை இருக்கட்டும். நம் புதுக்கோட்டைக்கு வாருங்கள். 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் என்ற எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் என்னும் அம்மையார். எழுத்துக் கற்றுக்கொடுக்கும் பெண் தொண்டர்கள் கிராமம் கிராமமாகப் போகவேண்டும். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் பாடம் நடக்காது. ஆகவே சைக்கிள் விடுவதையும் பாடத்தோடு பாடமாகச் சேர்த்துவிட்டார்கள். ‘அ, ஆ’ ஒரு பக்கம். பெடல், பிரேக் ஒரு பக்கம்!

வயல் வேலை செய்கிறவர்கள், கல் உடைக்கிறவர்கள், கிராமத்து நர்ஸுகள், பள்ளி ஆசிரியைகள் எல்லோரும் கற்றுக்கொண்டார்கள். கேலி செய்தவர்கள் இல்லாமல் இல்லை. காது கூசும்படி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருத்தியைக் கேலி செய்யலாம். ஊரே திரண்டு வந்தால் யாரைக் கேலி செய்வது? 1992-ம் வருஷத்துச் சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி, ஹாண்டில்பாரில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். நாலு பேர் சந்து பொந்துகளில் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் விடக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார்.

அவர் சொல்லும் இன்னொரு விஷயம் ரசமானது. பெண்கள் வாங்குவதற்கு லேடீஸ் சைக்கிள் போதவில்லையாம். பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பி வாங்கினார்களாம். ஏன் தெரியுமா? சீட்டுக்கும் ஹாண்டிலுக்கும் நடுவில் அதில் ஒரு ‘பார்’ இருக்கிறதே, அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம்! தாய்மார்களின் கெட்டிக்காரத்தனம் சைக்கிள் கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பீகாரிலும் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 2006-ல் அங்கே ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை அதனால் 32 சதவிகிதம் உயர்ந்ததாகப் பொருளாதார நிபுணர்கள் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் 2017-ல் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. எல்லாப் பெண்களும் கூட்டமாக சைக்கிளில் பள்ளிக்குப் போனதால் தெருவில் பயமும் குறைந்தது, ஊர்ப் பேச்சும் குறைந்தது என்பது அவர்கள் கருத்து.

ஆகவே ரகசியம் விளங்கிவிட்டது அல்லவா? ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்?’ என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். நீங்களே நாலு பேராகப் போய்விடுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஜமா

சென்னையில் இப்போது இது ஒரு வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. ‘வீ ஆர் சென்னை சைக்கிளிங் குரூப்’, ‘சைக்கிளிங் யோகீஸ்’ போன்ற குழுவினர் விடியற்காலையில் கூடி, பழைய கோயில்களையும் ஏரிகளையும் பார்த்துவருகிறார்கள். பாரிஸில் உள்ள ஒரு சங்கத்தின் விதிகளைப் பின்பற்றி, 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கும் சவாரிகளும் நடக்கின்றன. பயந்துவிடாதீர்கள்! உங்களுக்கு இருநூறு வேண்டாம், பத்துப் போதும்.

பட்டாபிராமிலிருந்து திருநின்றவூர் சுமார் நான்கைந்து கிலோமீட்டர். கையில் காசில்லாமல் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர் அது. மனத்திலேயே கோயில் கட்டினால் சிவபெருமான் குடியேறுவார். மனத்திலேயே சைக்கிள் விட்டால் இடுப்புச் சதை இறங்காது. இருதயாலீசுவரரையும் பக்தவத்சலப் பெருமாளையும் சேவித்துவிட்டு, காப்பி நேரத்துக்குள் வீடு திரும்பிவிடலாம். இன்னொரு வாரம், ஆவடியைத் தாண்டிப் பருத்திப்பட்டு ஏரி. பழகிவிட்டால் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலும் தூரமில்லை.

முதலில் வண்டியைக் கவனியுங்கள். சைக்கிள் கடையில் கொடுத்து டயர், டியூப், பிரேக்கைப் பார்க்கச் சொல்லி, ரிம்மில் கோட்டம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். செயினுக்கு எண்ணெய், வாரம் ஒருமுறை காற்று. சீட்டில் உட்கார்ந்தால் கால் நுனி தரையைத் தொடும்படி உயரம் இருக்கட்டும். செயின் கவரும் பின்சக்கரத்துக்கு வலையும் இருந்தால் சேலைக்காரர்களுக்கும் சங்கடமில்லை. முந்தானையை இடுப்பில் செருகி ஊசி குத்திக்கொள்ளுங்கள். துப்பட்டா போடுகிறவர்கள் குறுக்கே முடிந்துகொள்ளட்டும். தலைக்கு ஹெல்மெட், பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் அவசியம்.

சாலையில் ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரமாகவே செல்லுங்கள். வழி தெரிந்தவர் முன்னால், அனுபவசாலி கடைசியில். வேகம் எவ்வளவு? கூட்டத்தில் யார் மெதுவாக மிதிக்கிறாரோ, அவருடைய வேகம்தான் எல்லோருக்கும். முன்னால் போகிறவர் “பள்ளம்!” என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிறவரும் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். தண்டவாளம் குறுக்கிட்டால் நேராகக் கடக்கவேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். திருவள்ளூர் நெடுஞ்சாலையில் லாரியும் பஸ்ஸும் அதிகம். ஆகவே புதிதாகக் கற்கிறவர்கள் சில வாரம் உள்தெருக்களிலேயே பழகிவிட்டு, பிறகு விடியற்காலையில் மட்டும் நெடுஞ்சாலைக்கு வரலாம்.

இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக்கு மட்டும் என்று எண்ணவேண்டாம். வீட்டிலிருந்து ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர் என்றால், நடந்தால் இருபத்தைந்து நிமிஷம், சைக்கிளில் பத்து நிமிஷம். போகவர அரைமணி நேரம் மிச்சம். கல்லூரியின் பெயரையே ஒரு ஸ்டேஷனுக்கு வைத்திருக்கும் வட்டாரம் இது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க்கும் திறந்துவிட்டார்கள். படிக்கவும் வேலைக்கும் போகிற பெண்கள், ஆட்டோவுக்காகவும் அண்ணனுக்காகவும் வாசலில் காத்திருக்க வேண்டாம். மாமியாருக்கு மாத்திரை தீர்ந்துபோனாலும், குழந்தை பென்சில் பெட்டியை மறந்து போனாலும், யாரையும் கெஞ்சவும் வேண்டாம்.

ஆகையால் இந்த வாரமே வெங்காயப் பையைக் கழற்றிச் சமையலறை ஆணியில் மாட்டுங்கள். எதிர்வீட்டு அக்காவையும் பக்கத்து வீட்டு மருமகளையும் ஒரு வார்த்தை கேளுங்கள். “எனக்கு எதுக்கும்மா இந்த வயசிலே?” என்று முதலில் சொல்வார்கள். இரண்டாம் தடவை கேட்டால், “எத்தனை மணிக்கு?” என்பார்கள்.