வேக நடையும் கீழ்க்கால் வலியும்

உழைத்து வாழ்பவனுக்கு உடல்நலமே முதற் பொருள். சங்கத்தில் இட்ட பங்குத் தொகை குறைந்தால் பிறகு ஈடு செய்துகொள்ளலாம். தறியில் மிதி மிதிக்கும் காலும், வரப்பில் நடக்கும் காலும் நலிந்துவிட்டால் அதனை ஈடு செய்வது எளிதன்று. ஆகவே, இத்திங்கள் நம் அங்கத்தினர்களின் கால்களைப் பற்றிச் சிறிது பேச விரும்புகிறோம்.

நாம் நன்கறிந்த நெசவாளர் ஒருவருக்கு நேர்ந்ததை முதலில் கூறுவோம். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழித்தறியில் அமர்ந்து நெய்து வருபவர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருப்பதைக் கண்ட மருத்துவர், நாள்தோறும் அரை மணி நேரம் விரைந்து நடக்குமாறு அவரைப் பணித்தார். அவரும் மறுநாள் விடியற்காலையிலேயே, வீட்டில் கிடந்த தேய்ந்த ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, தார்ச்சாலையில் ஒரு மணி நேரம் நடந்து வந்தார். அரை மணி நன்மை தருமாயின் ஒரு மணி இரு மடங்கு நன்மை தரும் என்பது அவருடைய கணக்கு. ஆறாம் நாள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பை ஒட்டி வலி கண்டது. பத்தாம் நாள் மிதியை அழுத்த முடியவில்லை. பாவு தறியிலேயே கிடந்தது. ஒரு வாரக் கூலியும் போயிற்று.

"நடந்தால் கூலி போகிறது, நடக்காவிட்டால் சர்க்கரை ஏறுகிறது. நான் எதைத்தான் செய்வது?" என்று அவர் வினவினார். நியாயமான வினாவே. இரண்டில் ஒன்றை இழந்தாக வேண்டும் என்பதில்லை. வலியின் காரணத்தை அறிந்துகொண்டால் இரண்டையும் காத்துக்கொள்ளலாம்.

வலி பிறக்கும் இடம்

முழங்காலுக்குக் கீழே முன்புறமாகத் தடவிப் பார்த்தால், தோலுக்கு அடியிலேயே கூரிய விளிம்புடன் ஓர் எலும்பு தட்டுப்படும். அதன் வெளிப்புறத்தை ஒட்டி ஒரு தசை இறங்குகிறது. குதிகால் தரையில் பட்டவுடன் பாதத்தின் முன்பகுதி 'தொப்' என்று அறையாதபடி மெல்ல இறக்குவதும், அடுத்த அடிக்கு விரல்களைத் தூக்கிக் கொடுப்பதும் அத்தசையின் வேலைகள். மெதுவாக நடக்கையில் இவ்வேலை எளிது. வேகத்தைக் கூட்டி, அடியையும் நீட்டி வைத்தால், அதே தசை ஒவ்வோர் அடியிலும் பன்மடங்கு உழைக்க நேரிடுகிறது. பழக்கமில்லாதவருக்குச் சில நிமிடங்களிலேயே காலின் முன்புறம் எரிவதுபோல் வலிப்பது இதனால்தான்.

இரண்டாம் வகை வலி எலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்குச் சற்று மேலே தொடங்கும். விரலால் அழுத்திப் பார்த்தால் ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாத நீளத்துக்கு நோவு பரவியிருக்கும். எலும்பும் அதனைப் போர்த்திய சவ்வும் அதனுடன் இணைந்த தசைகளும் தாங்கும் அளவுக்கு மேல் இழுபடுவதால் இது உண்டாகிறது. ஆங்கில மருத்துவர் இதனை 'ஷின் ஸ்பிளின்ட்ஸ்' என்பர். எலும்பு உயிருள்ள பொருள். சுமை மெல்லக் கூடினால் அது தன்னை வலுப்படுத்திக்கொள்ளும். திடீரெனக் கூடினால், வலுப்பெறுவதற்கு முன்பே நோவு கொள்ளும்.

இது நம் அங்கத்தினருக்குப் புதிய செய்தியன்று. பாவை இழுத்துக் கட்டுகையில் ஒரேயடியாக முறுக்கினால் இழை அறும் என்பதை நெசவாளர் அறிவார். புதிய காளையை முதல் நாளே முழு ஏர் உழவுக்குப் பூட்டலாகாது என்பதை உழவர் அறிவார். தம் காலுக்கு மட்டும் இவ்விதியை மறந்துவிடுகிறோம்.

நெசவாளரின் கால் நாள் முழுதும் மிதித்தாலும், அவர் அமர்ந்தே மிதிக்கிறார். உடலின் எடை காலில் இறங்குவதில்லை. உழவரின் கால் எடையைத் தாங்கிப் பழகியதே. ஆயினும் அது ஈர மண்ணிலும் வரப்பிலும் நிதானமாக நடந்து பழகிய கால். கடினமான தார்ச்சாலையில் ஒரே தாளத்தில் அரை மணி நேரம் விரைவது இருவருக்குமே புது வேலை. "நான் உழைப்பாளி, எனக்கு நடை ஒரு பொருட்டா?" என்று எண்ணுவதே முதற் பிழை.

தணிக்கும் வழி

வலி கண்டவர் இரண்டு வாரம் முதல் நான்கு வாரம் வரை வேக நடையை நிறுத்த வேண்டும். படுத்தே கிடக்க வேண்டும் என்பதன்று. வலி எழாத அளவுக்கு மெதுவாக நடமாடலாம். சைக்கிள் மிதிப்பது நல்ல மாற்று. முதற் சில நாட்களில் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, ஒரு வேளைக்குப் பதினைந்து நிமிடம் நோவுள்ள இடத்தில் வைக்கலாம். கால் மரத்துப்போன சர்க்கரை நோயாளிகள் பனிக்கட்டியையும் வெந்நீர் ஒத்தடத்தையும் தாமாகவே செய்துகொள்ளலாகாது. சூடும் குளிரும் தோலைப் புண்ணாக்கினாலும் அவர்களுக்குத் தெரியாது.

வலி தணிந்தபின் கெண்டைக்கால் தசையை நீட்டிப் பழகவேண்டும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்துக் குதிகாலைத் தரையில் அழுத்தி, முப்பது வினாடி நிற்க. முழங்காலை நிமிர்த்தி ஒருமுறையும், சற்று மடக்கி ஒருமுறையும் செய்க. பின்பு சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குக. அடுத்துக் குதிகாலில் நின்று விரல்களை உயர்த்தி இறக்குக. ஒவ்வொன்றும் பத்துப் பதினைந்து முறை போதும். தறியை விட்டு எழும்போதெல்லாம் இதனைச் செய்யலாம்; செலவு ஏதுமில்லை.

மீண்டும் நடக்கத் தொடங்குபவர் பத்து நிமிடத்தில் தொடங்குக. முதல் ஐந்து நிமிடம் மெதுவாகவே நடக்க வேண்டும். வாரந்தோறும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாதிருப்பது நல்ல வழிகாட்டி. அடியை நீட்டி வைப்பதை விட்டு, குறுகிய அடிகளை விரைந்து வைக்கப் பழகுக. கூடுமானால் தார்ச்சாலையை விட்டு மண் பாதையில் நடக்கலாம். நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமற் போகும் வேகமே போதுமான வேகம். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிவுரைப்படி, வயது வந்தோருக்கு வாரத்தில் 150 நிமிடம் முதல் 300 நிமிடம் வரை இத்தகைய மிதமான உழைப்பு வேண்டும். இதனைப் பல நாட்களுக்குப் பகிர்ந்துகொள்ளலாம். முதல் வாரத்திலேயே எட்டிப் பிடிக்க வேண்டுவதில்லை.

காலணி தேரும் முறை

விரல் இடுக்கில் வார் கோத்த தட்டையான ரப்பர் செருப்பு, வீட்டுக்கும் தெருமுனைக்கும் ஏற்றது. வேக நடைக்கு ஏற்றதன்று. அது நழுவாதிருக்க விரல்கள் ஓயாமல் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். முன்புறத் தசைக்கு அது மற்றொரு சுமையாகும். நடைக்கென ஒரு ஜோடிக் காலணி வைத்துக்கொள்வது வீண் செலவன்று.

கடைக்கு மாலையில் செல்லுங்கள். பகலெல்லாம் உழைத்த பாதம் மாலையில் சற்றுப் பருத்திருக்கும். காலையில் பொருந்திய காலணி மாலையில் இறுக்கும். இரு பாதங்களையும் நின்றபடி அளக்கச் சொல்லுங்கள். பெரிய பாதத்துக்கு ஏற்றதையே வாங்குங்கள். நம் கடைகளில் வழங்கும் ஆங்கில அளவு முறையில், ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு வேறுபாடு உண்டு. ஆகவே அரை எண் வேறுபாட்டையும் அலட்சியம் செய்யலாகாது. எண்ணை நம்பி வாங்காமல், அணிந்து பார்த்தே வாங்க வேண்டும்.

அணிந்து நிற்கையில், நீண்ட விரலின் நுனிக்கும் காலணியின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். விரல்கள் நெருக்குண்ணாமல் விரிய வேண்டும்; குதிகால் நழுவக்கூடாது. வாங்குமுன் மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, குதிகாலைச் சுற்றியுள்ள பின்சுவரை விரலால் அழுத்துக. அது மடங்கிவிடாமல் உறுதியாக நிற்கவேண்டும். இரண்டாவது, காலணியை முனையும் குதியும் பிடித்து மடக்குக. விரல்கள் மடங்கும் இடத்தில் அது வளைய வேண்டும், நடுவில் ஒடிவதுபோல் வளைந்தால் வேண்டாம். மூன்றாவது, துணி பிழிவதுபோல் முறுக்கிப் பார்க்க. எளிதில் முறுக்கிக்கொள்வது பாதத்தைத் தாங்காது. எடை குறைவாக இருப்பதும் நன்று. கனமான காலணியைத் தூக்குவதும் முன்புறத் தசையே அன்றோ?

இங்கே ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். பாதத்தின் வளைவை அளந்து, அதற்கென்றே செய்த காலணி அணிந்தால் நோவே வராது என்று விற்பனையாளர் சிலர் கூறுவர். அமெரிக்கப் படைப் பயிற்சியாளர்களுக்கு அவ்வாறே பாத வடிவுக்கேற்பக் காலணி வழங்கி ஆராய்ந்தபோது, காயங்கள் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. விலை உயர்ந்தது, விளம்பரத்தில் கண்டது என்பவை அளவுகோல்கள் அல்ல. அணிந்து பத்து நிமிடம் நடந்தால் காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதே சிறந்த அளவுகோல். மெத்தென்ற உள்ளட்டை அதிர்ச்சியைத் தணித்துச் சிலருக்கு உதவும். அடிப்பகுதி ஒருபுறம் சாய்ந்து தேய்ந்துவிட்டாலோ, மெத்தை நசுங்கித் தட்டையாகிவிட்டாலோ, மேற்பகுதி புதிதாகத் தோன்றினும் காலணியை மாற்ற வேண்டியதே. ஏறத்தாழ 500 முதல் 800 கிலோமீட்டர் நடந்தபின் இந்நிலை வரும்.

வேறு நோய்களின் குறி

கீழ்க்கால் வலி எல்லாம் இந்த வகையைச் சேர்ந்ததன்று. சில வலிகளை வீட்டில் வைத்துக்கொள்வது ஆபத்து.

ஒரே இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி, இரவிலும் ஓய்விலும் தொடர்ந்தால், எலும்பில் மயிரிழை முறிவு இருக்கலாம். முதற் சில வாரங்களில் எக்ஸ்ரே படத்தில் இது தெரியாமலும் போகும். ஆகவே படம் நன்றாக இருக்கிறதென்று நடையைத் தொடரலாகாது.

குறிப்பிட்ட தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, சில நிமிடம் நின்றால் விட்டுவிடுமாயின், இரத்தக் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் இதனை மிகவும் கவனிக்க வேண்டும். புகையிலையால் இளவயதினருக்கும் கை கால் குழாய்கள் அடைபடும் நோய் ஒன்றை லியோ பர்கர் என்பவர் 1908-இல் விளக்கினார். அதற்கு அவர் பெயரே வழங்குகிறது. புகையிலையை அறவே விடாதவரை அந்நோய் நிற்பதில்லை. விரலையும் காலையும் இழந்தோர் பலர்.

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால் ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதனுடன் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது. நடக்கையில் கால் இறுகிப் பாதம் மரத்துப்போவதும் மருத்துவரிடம் காட்ட வேண்டியதே.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். வலி தெரியாத கால் வலிக்கும் காலைவிட ஆபத்தானது. 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப் புண்களுக்கு உணர்வின்மையும் ஓயாத அழுத்தமுமே காரணம் எனக் கண்டு, நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற காலணிகளைப் பயன்படுத்தினார். எம்.சி.ஆர். என வழங்கும் அந்த ரப்பர் செருப்பு இன்று உணர்வு குன்றிய சர்க்கரை நோயாளிகளுக்கும் உதவுகிறது. அத்தகையோர் வெறுங்காலுடன் நடக்கலாகாது. அணியுமுன் காலணிக்குள் கைவிட்டுக் கல், முள் உண்டா எனப் பார்க்கவேண்டும். நாள்தோறும் உள்ளங்காலைப் பார்த்துவர வேண்டும்.

முதலில் கூறிய நெசவாளர் மருத்துவரிடம் சென்று காட்டினார். முறிவும் இல்லை, குழாய் அடைப்பும் இல்லை. மூன்று வாரம் பொறுத்திருந்தார்; தம் பாதத்துக்குப் பொருந்திய எளிய துணிக் காலணி ஒன்று வாங்கினார்; பத்து நிமிட நடையில் மீண்டும் தொடங்கினார். இப்போது அரை மணி நடக்கிறார், தறியும் ஓடுகிறது. துணைக்கு அண்டைத் தறிக்காரர் இருவரையும் சேர்த்துக்கொண்டார். தனியே நடப்பவர் வேகத்தில் தன்னை மறப்பார். பேசிக்கொண்டு நடப்பவர் அளவோடு நடப்பார் என்பது அவர் அனுபவம்.

சிறுகச் சேர்த்தல், அளவறிந்து செலவிடல், ஒருவருக்கொருவர் துணைநிற்றல் என்பவை நம் சங்கத்தின் நெறிகள். காலுக்கும் அவையே போதும்.