கார் ஏசி-யில் கூலிங் வரலையா? கேஸ் நிரப்பும் முன் இந்த ‘டிக்’ சத்தத்தைக் கவனிங்க!

கொளுத்தும் வெயிலில் கார் ஏசி சூடான காற்றைத் தள்ள ஆரம்பித்தால், ஒர்க்‌ஷாப்பில் முதலில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “கேஸ் இறங்கிடுச்சு சார், ஃபில் பண்ணிடலாம்.”

சில நேரம் அது உண்மைதான். ஆனால் கேஸ் பொதுவாக மெல்லத்தான் கசியும், கூலிங்கும் நாளுக்கு நாள் குறையும். நேற்று வரை ஜில்லென்று இருந்த ஏசி இன்று ஒரேயடியாக நின்றுபோனால், மின் இணைப்பையும் சந்தேகப்பட வேண்டும்.

எங்கே பார்ப்பது?

நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினையும் ஏசி-யையும் ஆன் செய்யுங்க. பானெட்டைத் திறந்து கம்ப்ரஸரைத் தள்ளி நின்று பாருங்க. பெல்ட் மாட்டிய புல்லி எப்போதும் சுற்றும். அதன் முகப்பில் உள்ள கிளட்ச் தட்டு, ஏசி போட்டதும் ‘டிக்’ என்று ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்ற வேண்டும். உள்ளே இருப்பது ஒரு மின்காந்தம், அவ்வளவுதான். (துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது!)

தட்டு சுற்றியும் கூலிங் இல்லையா? அப்போ கேஸ் அழுத்தத்தை கேஜ் வைத்துப் பார்ப்பது சரியான அடுத்த வேலை. தட்டு அசையவே இல்லை என்றால், இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு ஃபியூஸ் பாக்ஸுக்கு வாங்க. மூடியிலேயே எது ஏசி ஃபியூஸ், எது ரிலே என்று பெரும்பாலும் படம் இருக்கும். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் மாற்றலாம். உடனே மறுபடியும் எரிந்தால் எங்கேயோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளித்தால் ஒயரிங் எரியும். ரிலேவைச் சோதிக்க, அதே நம்பர் உள்ள ஹாரன் ரிலேவைக் கழற்றி மாற்றிப் போட்டாலே போதும்.

அதுவும் சரியாக இருந்தால் மல்டிமீட்டர் தேவை. ஏசி ஆனில் இருக்கும்போது கிளட்ச் ஒயரில் 12 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லை என்றால், கிளட்ச் காயில் போயிருக்கலாம், அல்லது தட்டு தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருக்கலாம். வோல்டேஜே வரவில்லையா? கோளாறு அதற்கு முன்னால்: பிரஷர் சுவிட்ச், சென்சார், எர்த், இல்லையென்றால் எலி கடித்த ஒயர். எலி விஷயம் ஜோக் இல்லைங்க, நிறுத்தியே வைக்கும் கார்களில் இது சகஜம்.

ஒரு குழப்பம் இங்கே உண்டு. கேஸ் ரொம்பக் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரைக் காப்பாற்ற மின்சாரத்தைத் துண்டிக்கும். அதை ‘பைபாஸ்’ செய்து ஓட்டினால், ஆயில் ஓட்டம் இல்லாமல் கம்ப்ரஸரே ஜாம் ஆகிவிடும்.

வேறு சில அறிகுறிகள் இன்னும் எளிது. ஓடும்போது ஜில், சிக்னலில் நின்றால் சூடு என்றால் கண்டன்ஸர் ஃபேனைப் பாருங்க. புளோயர் கடைசி ஸ்பீடில் மட்டும் ஓடுகிறதா? பல கார்களில் அதற்குக் காரணம் ரெசிஸ்டர்.

எலக்ட்ரிக், ஹைபிரிட் கார்களில் மட்டும் இதையெல்லாம் முயற்சிக்க வேண்டாம். ஆரஞ்சு கேபிள்களில் இருப்பது உயிரைப் பறிக்கும் உயர் மின்னழுத்தம். சில புதிய பெட்ரோல் கார்களில் இந்த கிளட்ச்சே கிடையாது, அவற்றுக்கு ஸ்கேனர்தான்.

எல்லாம் பார்த்தும் மெக்கானிக் “கேஸ்தான்” என்றால், “லீக் எங்கே?” என்று கேளுங்க. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகித் தீராது. குறைந்திருந்தால் எங்கேயோ கசிகிறது.