செட்டிநாட்டில் அரை நாள் சுவைச் சுற்றுலா: என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம், நம்ம காசு யாருக்குப் போகிறது?

"அரை நாள்தான் கையில் இருக்கு, எதைப் பார்க்கலாம்?" காரைக்குடி பக்கம் வரும் வெளியூர்க்காரர்கள் பலரும் கேட்கும் கேள்வி இது. பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டுவிட்டு, மதியம் ஒரு செட்டிநாட்டுச் சாப்பாடு சாப்பிட்டுக் கிளம்புவது பழைய வழக்கம். இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு பெரிய வீடுகளுக்குள் நடந்து, பலகாரமும் சமையலும் ருசித்து, மதியத்துக்குள் திரும்பிவிடலாம்.

பார்க்கப் பொழுதுபோக்கு மாதிரித்தான் தெரியும். ஆனால் அந்த ஐந்து மணி நேரத்தில் நாம் எந்த வீட்டுக்குள் நுழைகிறோம், யார் கையால் சாப்பிடுகிறோம் என்பதில் ஒரு வீட்டின் ஆயுளும் அடங்கியிருக்கிறது. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

செட்டிநாடு என்பது எது?

வரைபடத்தில் தேடினால் 'செட்டிநாடு' என்று ஒரு மாவட்டம் கிடைக்காது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் நகரத்தார் ஊர்களின் தொகுப்புக்குத்தான் அந்தப் பெயர். ஒரு காலத்தில் 96 ஊர்கள் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. காரைக்குடி பெரிய ஊர். கானாடுகாத்தான், ஆத்தங்குடி போன்றவை சுற்றுலாவால் பெயர் தெரிந்தவை. நேமத்தான்பட்டி போன்றவை அந்தப் பட்டியலில் இருந்தும், வெளியூர்க்காரர்கள் அதிகம் கேள்விப்படாதவை.

'செட்டிநாடு: தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்' என்ற தலைப்பில் இந்தப் பகுதி 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. உத்தேசப் பட்டியல் என்றால் வரிசையில் பெயர் இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அங்கீகாரம் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சுவைச் சுற்றுலா என்றால்?

இந்த வகைச் சுற்றுலாவை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியது வைன். பிரான்ஸின் போர்டோ பகுதியிலும், நம் நாட்டில் மகாராஷ்டிராவின் நாசிக்கிலும் அரை நாள் வைன் சுற்றுலா போகலாம். திராட்சைத் தோட்டத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். மண், மழை, வெயில் பற்றிச் சொல்வார்கள். கடைசியில் நாலைந்து வகையை ஒவ்வொரு வாயாகக் குடித்துப் பார்க்கச் சொல்வார்கள். அந்த ருசிக்கு அந்த மண்தான் காரணம் என்று புரியவைப்பதே நோக்கம். போர்டோவை ஒட்டிய சென்ட் எமிலியோன் திராட்சை நிலப்பரப்பு 1999-லேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது.

தமிழ்நாட்டிலும் திராட்சை விளைகிறது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் நாசிக் மாதிரி தோட்டத்திலேயே வைன் ருசிக்கும் வழக்கம் இங்கே வேர் விடவில்லை. ஊரைப் பார்த்து, அந்த ஊரின் ருசியை அங்கேயே அறியும் அனுபவம் வேண்டும் என்றால் தமிழ்நாட்டில் அதற்குச் சரியான இடம் செட்டிநாடு. இங்கே கிண்ணத்துக்குப் பதில் வாழை இலை.

ஐந்து மணி நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

காலை ஏழரை மணிக்குத் தொடங்குவது நல்லது. வெயில் ஏறிவிட்டால் தெருவில் நடக்க முடியாது. நேமத்தான்பட்டி போன்ற ஒரு சிறிய ஊரில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, ஆத்தங்குடிக்குப் போய் கல் போடும் பட்டறையையும் பெரிய வீட்டையும் பார்க்கலாம். பிறகு கானாடுகாத்தான் அல்லது காரைக்குடியில் மதியச் சாப்பாடு. இவை எல்லாமே காரில் சிறு தூரம்தான். நான்கு இடங்களுக்கு மேல் சேர்த்தால் காரில் உட்கார்ந்திருக்கும் நேரமே அதிகமாகிவிடும்.

வீட்டுக்குள் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி. வழிகாட்டிகள் முதலில் சொல்வது இதைத்தான். அதைவிடச் சுவாரஸ்யம் வீட்டின் அமைப்பு. முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும், பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும்.

நடுவில் வானம் பார்த்த வளவு. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் அங்கே இறங்கும். வீட்டுத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் ஓடிச் சேர ஊரில் ஊருணி இருக்கும். ஆறு இல்லாத வறண்ட சீமையில் இவ்வளவு பெரிய வீடுகள் கட்டியவர்கள், தண்ணீருக்கும் சேர்த்தே திட்டம் போட்டிருக்கிறார்கள்.

வளவின் இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்று. ஒரே கூரைக்குள் இருந்தாலும் புதுத் தம்பதியைத் தனியாகச் சமைத்துக்கொள்ள விடுவது நகரத்தார் வழக்கம். 'வேறு வைப்பது' என்று அதைச் சொல்வார்கள். ஒரு வீட்டுக்குள் பல அடுப்பு எரிந்த சமூகம் இது. இங்கே சமையல் இத்தனை வகையாக விரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஆத்தங்குடி கல்லில் என்ன விசேஷம்?

ஆத்தங்குடி கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஒவ்வொரு கட்டத்திலும் கையால் ஊற்றுகிறார்கள். அதன் மேல் மணலும் சிமெண்டும். காய்ந்த பிறகு தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடி பிரிந்து வரும்போது கல்லின் முகத்தில் அந்த வழவழப்பு தங்கிவிடுகிறது. மெஷின் பாலிஷ் எதுவும் கிடையாது. பட்டறையில் பத்து நிமிஷம் நின்று பார்த்தாலே, ஒவ்வொரு கல்லும் ஏன் கொஞ்சம் மாறி இருக்கிறது என்பது புரிந்துவிடும்.

நாக்குக்கு என்ன கதை?

"செட்டிநாடுன்னா காரம்தானே?" பெரும்பாலானவர்களின் நினைப்பு இது. ஊருக்குள் சாப்பிட்டால் அந்த நினைப்பு மாறும். இங்கே காரத்தை விட வாசனைக்குத்தான் முதல் இடம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, சோம்பு, மிளகு எல்லாம் சேர்ந்து தரும் வாசனை அது. கல்பாசி என்பது மரத்திலும் பாறையிலும் படரும் பாசி வகை. காய்ந்த நிலையில் பெரிதாக மணக்காது. சூடான எண்ணெயில் விழுந்ததும்தான் அதன் குணம் தெரியும். சமையலறைக்குள் அனுமதித்தால், ஒரு துண்டைத் தாளிக்கும் முன்பும் பின்பும் முகர்ந்து பாருங்கள்.

ருசிப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. மென்மையானதில் தொடங்குவது நல்லது.

முதலில் வெள்ளைப் பணியாரம். பச்சரிசியை அளந்து, அதன் மேல் கோபுரமாக உளுந்தை வைத்து எடுத்தால் அதுதான் அளவு. ஊறவைத்து அரைத்து, எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றிச் சுடுவார்கள். மாவு பதம் தப்பினால் எண்ணெய் குடித்துவிடும் என்பதால், சமைப்பவரின் கைப்பக்குவத்துக்கு இது ஒரு பரீட்சை.

அடுத்தது கவுனி அரிசி. கறுத்த நிறத்தில் ஒட்டும் தன்மை உள்ள அரிசி. வேகவைத்து, தேங்காய்த்துருவலும் சர்க்கரையும் கலந்து தருவார்கள். நகரத்தார் பர்மாவில் தொழில் செய்த காலத்தின் ருசி இது. இன்றும் கல்யாண வீடுகளில் இலைக்கு வருகிறது.

மதியச் சாப்பாட்டில் 'மண்டி' இருக்கிறதா என்று கேளுங்கள். அரிசி கழுவிய தண்ணீரில் புளி கரைத்து, வெண்டைக்காய் போன்ற காய்களைப் போட்டுச் செய்வது. கழுநீரைக்கூடக் கீழே ஊற்றாத சமையல். வெயிலில் காயவைத்து எடுத்துவைக்கும் வற்றல் வகைகளும் அப்படித்தான். மழை குறைவான பூமியின் சிக்கனமும், கடல் தாண்டிப் போன வியாபாரத்தின் வாசனையும் ஒரே இலையில் சேருவதுதான் செட்டிநாட்டுச் சாப்பாடு.

இவ்வளவு பெரிய வீடுகள் ஏன் பூட்டிக் கிடக்கின்றன?

வீடுகளைக் கட்டிய பணம் பெரும்பாலும் வெளியில் இருந்து வந்தது. பர்மா, மலேயா, இலங்கை என்று நகரத்தார் வட்டித் தொழில் நடத்தினார்கள். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போக, அடமானமாக இருந்த நிலங்கள் அவர்கள் கைக்கு வந்தன. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் பயிர் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு அவர்களிடம் இருந்தது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. வருமானத்தின் வேர் அறுந்தது. குடும்பங்கள் சென்னைக்கும் மற்ற ஊர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. வீடுகள் மட்டும் இங்கே நின்றுவிட்டன.

அடுத்த சிக்கல், பங்கு. ஒரு வீட்டுக்கு இன்று பல பங்காளிகள். கல்யாணம், படைப்பு என்றால் கூடுவார்கள். ஆனால் ஓடு மாற்றவோ, ஒழுகும் இடத்தை அடைக்கவோ எல்லோரும் ஒத்துவந்து பணம் போட வேண்டும். ஒருவருக்கு விருப்பம், இன்னொருவருக்கு வசதியில்லை, மூன்றாமவர் இருப்பது வெளிநாட்டில். பேச்சு இழுத்துக்கொண்டே போகும். மழை காத்திருக்காது.

கடைசியில் சில வீடுகள் பிரிக்கப்படுகின்றன. தூண், கதவு, நிலை, உத்தரம் எனத் தனித்தனியாக விலை போகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கும் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருக்கும் மரச்சாமான்கள் பலவும் இப்படி வந்தவைதான். சுற்றுலா வருபவர்கள் ஆசையாக வாங்கும் ஒரு கதவு, ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டு வாசல்.

சுற்றுலா வந்தால் வீடு பிழைக்குமா?

சில வீடுகள் பிழைத்திருக்கின்றன. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் ஆகியவை பாரம்பரிய ஹோட்டல்களாக இயங்குகின்றன. ஆத்தங்குடி பெரிய வீட்டில் கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களை அனுமதிக்கிறார்கள். வருமானம் வந்தால் கூரை பார்க்கப்படும், துடைக்க ஆள் இருக்கும். பூட்டிய வீட்டை விடத் திறந்த வீடு நீண்ட நாள் நிற்கும்.

ஆனால் எல்லா வண்டியும் அதே நாலு வாசலில் நின்றால், அந்த நாலு வீடுகள்தான் நிற்கும். பக்கத்து ஊர் வீட்டுக்காரருக்குப் பத்து ரூபாய்கூடப் போவதில்லை. அவருடைய பங்காளிகள் கூடிப் பேசும்போது 'வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்ல அவரிடம் காரணம் இருக்காது. நேமத்தான்பட்டி மாதிரி ஓர் ஊரை வழியில் சேர்ப்பது முக்கியம் என்று சொல்வது அதனால்தான்.

அரை நாள் கட்டணம் ஒரு மாளிகையைப் புதுப்பித்துவிடாது. அது அரசு, குடும்பங்கள், வங்கிகள் எல்லாம் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி, பணியாரம் சுடும் ஆச்சி, கல் போடும் தொழிலாளி, கண்டாங்கி நெய்பவர், ஓலைக்கொட்டான் பின்னும் பெண்கள் என்று பலருக்கும் அந்த மாத வருமானத்தில் அது சேரும். காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. செட்டிநாட்டுக் கொட்டானுக்கும் உண்டு.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியவை

* வழிகாட்டி கட்டணம், கார், வீட்டு நுழைவுக் கட்டணம், சாப்பாடு எல்லாம் சேர்த்த தொகையா, தனித்தனியா?
* வழிகாட்டியிடம் சுற்றுலாத் துறையின் அங்கீகாரம் இருக்கிறதா? அல்லது அந்த ஊர்க்காரரா?
* வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கிறார்களா? பல வீடுகளில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். கானாடுகாத்தான் செட்டிநாடு அரண்மனையின் உள்ளே பொதுவாக அனுமதி கிடைக்காது.
* சாப்பாடு எங்கே? வீட்டுச் சமையல் என்றால் முதல் நாளே சொல்ல வேண்டும். சைவமா, அசைவமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.
* பலகாரம் பாக்கெட்டில் வாங்கினால் தயாரித்த தேதியைப் பாருங்கள்.

எப்படிப் போவது, எப்போது போவது?

மதுரை, திருச்சி இரண்டுமே காரைக்குடியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். இரண்டு ஊரிலும் விமான நிலையம் உண்டு. காரைக்குடிக்கு ரயில் வசதியும் இருக்கிறது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நடந்து பார்க்க ஏற்ற காலம். ஏப்ரல், மே என்றால் பத்து மணிக்குள் தெரு நடையை முடித்துவிட வேண்டும்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். சாமி வீடு, பூட்டிய அறை என்றால் வற்புறுத்த வேண்டாம். வாசல் திறந்துவிட்டவருக்குக் கட்டணத்தை நேரடியாகக் கொடுத்து, ரசீது இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பங்காளிகள் கூடும்போது, அந்த ரசீது புத்தகம்தான் வீட்டுக்காகப் பேசும்.