லாரியில் இறுகிப்போன சக்கரத்தைக் கழற்றும் முறை

மாட்டு வண்டியின் அச்சுக்கு மை இடத் தவறினால் சக்கரம் கிறீச்சிட்டு உடனே எச்சரிக்கை செய்யும். மோட்டார் லாரியின் சக்கரம் அவ்விதம் எச்சரிப்பதில்லை. நெடுநாள் ஓசையின்றி ஓடி, டயர் பஞ்சராகிக் கழற்ற வேண்டிய தினத்தில்தான் அது தன் நிலைமையைக் காட்டுகிறது. நட்டுகள் யாவும் கழற்றப்பட்ட பின்னரும் சக்கரம் சிறிதும் அசையாமல் நிற்கும். லாரியில் மீன் அழுகும் அபாயம் இருக்கலாம். கடன் தவணைக்குரிய நாள் நெருங்கியிருக்கலாம். இத்தகைய அவசரத்தில் செய்யப்படும் காரியங்களே மனிதரின் கை கால்களுக்கும், சில வேளைகளில் உயிருக்குமே கேடு விளைவிக்கின்றன. ஆதலால், லாரி வைத்திருக்கும் சங்கத்தின் அங்கத்தினர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்தை நன்கு அறிந்திருத்தல் அவசியம்.

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ளது எர்ணாவூர். அதன் கிழக்கே கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் இருக்கின்றன. லாரித் தொழிலுக்கும் இப்பக்கத்திற்கும் உள்ள சம்பந்தம் பழையது. 1948-ஆம் வருஷத்தில் ஸ்தாபிக்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் கம்பெனியின் தொழிற்சாலை எண்ணூரில்தான் அமைந்தது. 1951-இல் அங்கே லேலண்டு காமெட் லாரிகள் பூட்டப்படலாயின. 1955-இல் அக்கம்பெனி அசோக் லேலண்டு என்னும் பெயரைப் பெற்றது. லாரி பிறக்கும் இவ்விடத்தின் காற்றே லாரியின் இரும்புக்குப் பெரும் பகையாகவும் இருக்கிறது.

இரும்பும் நீரும் காற்றும் கூடினால் துரு உண்டாகும். உப்பு அதனைப் பன்மடங்கு துரிதப்படுத்துகிறது. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பின் மேற்படிந்து, இரவின் ஈரத்தைத் தன்பால் இழுத்து, அதைக் காயவிடாமல் வைத்துக்கொள்ளும். மீன் ஏற்றும் லாரிகளிலிருந்து வடியும் உப்பு கலந்த பனிக்கட்டி நீரும் இதே தீங்கைச் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளம் சூழ்ந்ததுபோல் வண்டி நீரில் நின்றுவிட்டால் கேடு இன்னும் விரைவாக நிகழும். 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பின் காரணமாக 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பெரும் பாலத்தையே தளர்த்தும் உப்புக்கு லாரிச் சக்கரம் எம்மாத்திரம்?

சக்கரம் இறுகும் விதத்தை இனிக் கவனிப்போம். வண்டிச் சக்கரத்தின் நடுவே குடம் இருப்பதுபோல், லாரியின் அச்சு நுனியில் ஹப் என்னும் பாகம் இருக்கிறது. டயரைத் தாங்கும் டிஸ்க்கின் நடுத்துவாரம் அந்த ஹப்பின் மேல் நெருக்கமாகப் பொருந்துகிறது. இரண்டுக்கும் இடையே மயிரிழை அளவான இடைவெளியே உண்டு. துருவானது தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும் இயல்புடையது. அது அவ்விடைவெளியில் பருத்து, ஆப்பு இறுக்கியதுபோல் டிஸ்க்கைப் பிடித்துக்கொள்கிறது. இப்பிடிப்பு கடினமானதாயினும் நொறுங்கும் தன்மையுடையது. சிறு சிறு அசைவுகளால் அதை நொறுக்கலாம்; ஒரே பலத்தால் பிடுங்க முயல்வது வீண்.

வேலை தொடங்குமுன் லாரியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடவேண்டும். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவோர் எவ்வளவு கவனம் செலுத்துகின்றனரோ அவ்வளவு கவனத்துடன் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். டிஸ்க்கில் விரிசல் கண்டாலும், டயர் காற்றுக் குறைந்து ஓடியிருந்தாலும், வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே நட்டுகளைத் தொடவேண்டும். இரட்டைச் சக்கரமாயின் இரண்டிலும் அவ்வாறு செய்க. லாரி டயரில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 ராத்தல் காற்றழுத்தம் இருக்கும். பூட்டு வளையம் உள்ள பழைய டிஸ்க்குகளில் அவ்வளையம் தெறித்தால் எதிரில் நிற்பவர் பிழைப்பது அரிது.

நட்டுகளை, சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே சிறிது தளர்த்திக்கொள்ள வேண்டும். பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகள் எதிர் மரை உடையவை. கடிகார முள் சுற்றும் திசையில் திருப்பினால்தான் அவை தளரும். இதை அறியாதவர் ஸ்பானரின் மேல் ஏறி நின்று மிதித்து, நட்டை மேலும் இறுக்கி, இறுதியில் போல்ட்டையே முறித்துவிடுவதுண்டு.

முதலாவது முறை எண்ணெயும் பொறுமையும் ஆம். கம்பித் தூரிகையால் ஹப்பைச் சுற்றியுள்ள துருவைத் தேய்த்து நீக்கி, டீசலும் எஞ்சின் எண்ணெயும் சமமாகக் கலந்து, இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டி, ஓர் இரவு ஊறவிட வேண்டும். பிரேக் லைனிங்கில் எண்ணெய் படலாகாது. அருகில் பீடி, சுருட்டுப் பற்றவைத்தலும் கூடாது.

இரண்டாவது முறை லாரியின் பாரத்தையே உபயோகித்தலாகும். டயரில் காற்று இருந்து, டிஸ்க்கும் பழுதின்றி இருந்தால் மாத்திரமே இதைச் செய்யலாம். இறுகிய சக்கரத்தின் நட்டுகள் அனைத்தையும் இரண்டு சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்தி, ஒன்றையும் கழற்றாமல் விட்டு, மற்றச் சக்கரங்களின் கட்டைகளை நீக்கி, லாரியைச் சில அடி தூரம் மட்டும் முன்னும் பின்னும் மிக மெதுவாக நகர்த்திப் பிரேக் பிடிக்க வேண்டும். துரு நொறுங்கும்போது 'டக்' என்னும் ஓசை கேட்கும். உடனே நிறுத்திவிட வேண்டும். அச்சமயம் லாரியின் அருகில் ஒருவரும் நிற்றல் ஆகாது.

இதிலும் அசையாவிடில், மீண்டும் கட்டைகள் வைத்து, ஜாக்கியின் அடியில் கனத்த பலகையிட்டு லாரியைத் தூக்க வேண்டும். கடற்கரை மணலில் பலகையின்றி வைத்த ஜாக்கி புதைந்து சாயும். தூக்கியவுடன் அச்சின் கீழ் உறுதியான தாங்கி ஒன்றை வைத்தல் அவசியம். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் கீழே புகலாகாது. பின்னர், நட்டுகள் சில மரை பிடித்தபடியே இருக்க, உட்புறத்திலிருந்து டயரின் ஓரத்தைக் கனத்த மரக்கட்டையால் இடிக்க வேண்டும். இடிப்பவர் பக்கத்தில் நின்று இடிக்க வேண்டுமேயன்றி, உடலை லாரியின் அடியில் செலுத்தக் கூடாது. ஓரிடத்தில் இடித்தபின் சக்கரத்தைப் பாதி திருப்பி எதிர்ப்பக்கத்தில் இடிக்க, சிறிது சிறிதாக வெளிவரும். நட்டுகளை முற்றும் கழற்றிவிட்டால், ஒரு மூட்டை நெல்லினும் கனமான சக்கரம் எதிர்பாராமல் காலின்மேல் விழக்கூடும்.

ஒருபோதும் செய்யத்தகாத காரியம் ஒன்று உண்டு. டயர் பூட்டியிருக்கும் டிஸ்க்கையோ நட்டையோ காஸ் விளக்கால் சூடாக்கலாகாது. சூட்டினால் டயரின் உட்புற ரப்பர் சிதைந்து தீப்பற்றும் வாயுவை வெளியிடும். அது உள்ளேயே வெடிக்கும். தீயை அணைத்துச் சற்று நேரம் சென்ற பிறகும் வெடிப்பு நேரலாம். காற்றை இறக்கிவிட்டோம் என்பதும் இதற்குக் காப்பாகாது. உலகின் பல தேசங்களிலும் தொழிலாளர் இவ்விதம் மாண்டிருக்கின்றனர். நட்டு எவ்வாற்றானும் கழலாவிடில் உளியால் பிளந்தெடுத்துப் புதிய நட்டு வாங்குவதே மேல். நட்டின் விலை அற்பம்.

சக்கரம் கழன்றபின் ஹப்பையும் துவாரத்தையும் பளபளக்கத் தேய்த்து, ஹப்பின் விளிம்பில் மட்டும் கிரீஸை மெல்லியதாகப் பூச வேண்டும். டிஸ்க் பதியும் முகம் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்கட்டும். நட்டுகளை எதிர் எதிராக மாற்றி மாற்றி இறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சோதிக்க வேண்டும். கடலோர ஊர்களில், டயர் பழுதாகும்வரை காத்திராமல், மழைக்காலம் முடிந்தவுடன் ஒருமுறை எல்லாச் சக்கரங்களையும் கழற்றிப் பூட்டுதல் நலம்.

நல்ல ஜாக்கி, தாங்கிகள், கட்டைகள் இவற்றைத் தனியொருவர் வாங்குவது கடினமாயிருக்கலாம். சங்கத்தின் பொதுச் சாமான்களாக ஒரு தொகுதி வாங்கி வைத்துக்கொண்டால், அங்கத்தினர் பலருக்கும் அது உதவும். பதறாத காரியம் சிதறாது என்பர். ஓர் இரவு காத்திருப்பதால் ஒரு நாள் வாடகை போகலாம். அவசரத்தால் போகும் உயிரை எந்தச் சங்கமும் கடனாக அளிக்க இயலாது.